இடப்பக்கச் சக்கரத்து மரை

எங்கள் வீட்டில் ஆண்கள் வாயால் 'முடியாது' என்று சொல்லிவிட மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு. அதற்குப் பதிலாக 'வண்டி சரியில்லை' என்பார்கள். அம்மா தன் பிறந்த ஊருக்குப் போக ஆசைப்பட்டால் வண்டி சரியில்லை. திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குப் பெண்கள் கிளம்பினால் வண்டி சரியில்லை. அதே வண்டியில்தான் பெரியப்பா ஸ்ரீவைகுண்டத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் வாரம் தவறாமல் போய்வந்துகொண்டிருந்தார். அவர் ஏறி உட்கார்ந்ததும் அதற்கு உடம்பு குணமாகிவிடும் போலிருக்கிறது.

இத்தனைக்கும் அது அவருடைய வண்டி அல்ல. அம்மாவின் கலியாணத்தில் சீரோடு வந்த வில்வண்டி. கூண்டுக்குள் மெத்தை போட்டு, பக்கவாட்டில் பித்தளைக் கம்பி வைத்து, வரும்போது ஜோராகத்தான் வந்ததாம். எனக்கு நினைவு தெரிந்த காலத்தில், அதாவது முதல் ஜெர்மன் சண்டைக்குக் கொஞ்சம் முந்தி, மெத்தையில் பஞ்சு இல்லை, கம்பியில் மினுக்கு இல்லை. சீராக வந்த பொருள் யாருடையது என்று கேட்டால், 'குடும்பத்துப் பொருள்' என்பார் பெரியப்பா. குடும்பம் எது என்று கேட்டால் அவர் தன் மார்பைத் தொட்டுக்கொள்வார்.

வண்டியில் குறை இருந்தது உண்மைதான். இரண்டு சக்கரத்தையும் கோத்திருக்கும் இரும்புத் தண்டான இருசை விட்டுச் சக்கரம் கழன்று ஓடாமல் இருக்க, இருசு நுனியில் ஒரு துளை போட்டு அதில் கடையாணியைச் செருகியிருப்பார்கள். எங்கள் வண்டியில் அந்தத் துளை தேய்ந்து அகன்றுபோயிருந்தது. எவ்வளவு பெரிய ஆணியைச் செருகினாலும் ஆடும். ஒருதரம் கலியாண வீட்டிலிருந்து திரும்பும்போது ஆணி எங்கேயோ விழுந்துவிட்டது. சக்கரம் தன்பாட்டில் வாய்க்காலைப் பார்க்கப் போனது. பெரியப்பாவின் பெண்டாட்டி, என் பெரியம்மை, பட்டுச்சேலையோடு நாற்றங்காலில் போய் உட்கார்ந்தாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அன்றையிலிருந்து பெரியப்பாவுக்கு ஒரு பெரிய சௌகரியம் கிடைத்துவிட்டது. பெண்கள் யாராவது வெளியே போகவேண்டும் என்று வாயெடுத்தால், பெரியம்மையின் பட்டுச்சேலையை நினைவுபடுத்துவார்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அம்மா பெரியப்பாவோடு நேருக்கு நேர் பேசக்கூடாது. புருஷனுக்கு மூத்தவர் என்றால் அப்படித்தான். அவர் இருக்கும் இடத்தில் முன்னே வந்து நிற்கவும் கூடாது. ஆனால் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே களஞ்சியம்; பேசாமல் எப்படி நடக்கும்? அதற்குத்தான் நான். அம்மா அடுக்களை நிலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பெரியப்பாகிட்ட கேளுட்டி, வெதநெல்லு எடுக்கலாமான்னு" என்பாள். அது கூப்பிடு தூரம்கூட இல்லை, கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவுக்கு நன்றாக விழும். ஆனாலும் அவர் உத்திரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒருதரம் திருப்பிச் சொன்ன பிறகுதான் அவருக்குக் காது கேட்கும். உடனே, "நாளைக்கு எடுக்கலாம்னு ஒங்கம்மாட்ட சொல்லு" என்பார். நான் திரும்பி நின்று அதை அம்மாவிடம் ஒப்பிப்பேன். அதுவரை அம்மாவும் கேட்காதவளாகத்தான் நிற்பாள்.

எனக்கு அலுத்துப்போன நாட்களில் பாதியைத்தான் சொல்வேன். பாதி கேட்டவர்போலவே அவரும் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் நடுவே என் வாய் வழியாக வராத சொல் சொல்லே இல்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை என்னைப்போல் நம்பியவர்கள் யாரும் இல்லை. ஒன்பது வயதில் யாருக்கு இத்தனை பெரிய உத்தியோகம் கிடைக்கும்?

அப்பா எங்கே போனார் என்று கேட்பீர்கள். இருந்தார். யார் என்ன சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பது அவர் வழக்கம். அண்ணன் சொன்னாலும் சரிதான், பெண்டாட்டி சொன்னாலும் சரிதான், மழை பெய்தாலும் சரிதான். அதனால் அவர் மூலமாகச் சேதி அனுப்புவதில் யாருக்கும் லாபம் இல்லை.

அந்த வருடம் அம்மா ஒரு கலியாண வீட்டில் ஒரு பெண்ணைப் பார்த்தாள். பாளையங்கோட்டையில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், நடத்தும் பெண்பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பவளாம். கையில் ஒரு குடையோடு வந்தாள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். குடையை எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். இவ்வளவுதான் நடந்தது. அம்மா வீடு வந்து சேர்ந்த பிறகும் இதைத்தான் அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"யாருகிட்டயும் கேக்கல. எந்திரிச்சா, போயிட்டா."

"அதுவும் சரிதான்" என்றார் அப்பா.

அவள் எழுந்து போன விதம் அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அதற்குள் என்னைப் பற்றிப் பெரியப்பா ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். பெரியம்மையின் அண்ணன் மகனுக்கு என்னைத் தை மாதம் கொடுப்பது என்று. ராதாபுரத்துப் பக்கம் அவர்களுக்குப் பனங்காடு இருந்தது. மாப்பிள்ளைக்கு மீசை இருந்தது. நான் அவரை ஒரேயொருமுறை பார்த்திருந்தேன், என்னைப் பார்த்து, "ஒனக்குப் பதநீ காய்ச்சத் தெரியுமாட்டி?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "கத்துக்கிடுவா" என்று பெரியம்மை எனக்காகப் பதில் சொன்னாள்.

அம்மா ஒருநாள் நிலைக்குப் பின்னால் வந்து நின்றாள். "பெரியப்பாகிட்ட சொல்லுட்டி, ஒன்னைய பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துல கொண்டு விடப் போறோம்னு. அங்கனயே தங்கிப் படிக்கட்டும்."

இந்தத் தடவை நான் சொல்லும்வரைகூடப் பெரியப்பா பொறுக்கவில்லை. உத்திரத்திலிருந்து சட்டென்று கண்ணை இறக்கினார். ஆனாலும் நான் சொல்லி முடிக்கவேண்டியிருந்தது, முடித்தேன்.

"வேதத்துல சேத்துருவாக" என்றார்.

"சேத்தா சேத்துட்டுப் போகுது. எழுத்தப் படிச்சுக் குடுப்பாகளா இல்லியான்னு கேளு" என்றாள் அம்மா.

கேட்டேன். பெரியப்பா மறுபடியும் உத்திரத்தைப் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. எனக்கு அந்தச் சாந்தம் பழக்கமானதுதான். "போகட்டுமே. யாரு வேண்டாம்னா? ஆனா வண்டி சரியில்லையே. பொட்டப்பிள்ளைய வச்சுக்கிட்டு நடுவழியில சக்கரம் கழண்டா யாரு பதில் சொல்லுதது? வண்டி சரியாவட்டும். போவலாம்னு ஒங்கம்மாட்ட சொல்லு."

அவர் செய்த ஒரே தப்பு அதுதான். 'போவலாம்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டார். இருபது வருடம் சொல்லிவந்த பொய்க்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டார். அம்மா அந்த வாசலில் காலை வைத்துக்கொண்டாள்.

அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, மலையடிவாரத்து நூல் மில்லில் பிட்டர் வேலை பார்த்தார். எந்த இரும்பைப் பார்த்தாலும் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பார். அம்மா சொல்லியனுப்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார். மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிய மரை வெட்டும் அச்சும், கைப்பிடியும், பெரிய ஸ்பானர் ஒன்றும் அவர் சாக்குப்பையில் இருந்தன. வண்டியைச் சுற்றி ஒருதரம் வந்தார். கடையாணியைப் பிடுங்கிக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"இது ஆணியா? பல்லுக்குத்த வச்சிருக்கிய. இனி இந்தச் சோலியே வேண்டாம். தேஞ்ச நுனிய வெட்டிப் போட்டு, புது நுனி அடிச்சு, மரை வெட்டி, நட்டுப் போட்டு முறுக்கிருதேன். ராஜா வந்தாலும் கழத்த முடியாது."

கொல்லுப்பட்டறை ஆசாரிக்கு இதில் மனசே இல்லை. கடையாணி என்பது சும்மா இரும்பு இல்லை. பொங்கலுக்கு அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைக்கிறோம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆணியே இல்லாத வண்டியை அவர் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. "அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவமே" என்று இழுத்தார். அண்ணாச்சி என்றால் பெரியப்பா. அம்மா பட்டறை வாசல் வேம்படியில் நின்றிருந்தாள். "வண்டி யாருதுன்னு ஆசாரிகிட்ட கேளுட்டி" என்றாள். நான் கேட்பதற்கு முன்பே ஆசாரி துருத்தியை ஊதத் தொடங்கிவிட்டார். என் உத்தியோகத்தை மதிக்காத அந்த மனுஷன்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. இருசின் இரண்டு நுனியிலும் புது இரும்பு. அதில் சுருள் சுருளாக மரை. அதன்மேல் ஆறு பட்டையுள்ள, உள்ளங்கை அகல நட்டுகள். எங்கள் பக்கத்தில் நட்டையும் மரை என்றுதான் சொல்வோம். மாமா ஸ்பானரை மாட்டி முறுக்கினார். கடைசி முறுக்குக்கு என்னைத் தூக்கி ஸ்பானர் கைப்பிடியில் தொங்கவிட்டார். நான் தொங்கினேன், அது அசையவில்லை. அவ்வளவு இறுக்கம். பார்க்க ஊரே கூடிவிட்டது. பெரியப்பாவும் வந்தார். குனிந்து வலப்பக்கத்தைப் பார்த்தார், சுற்றிப்போய் இடப்பக்கத்தையும் பார்த்தார்.

"வண்டிக்குத் தோடு மாட்டியாச்சு. காது குத்துனது தாய்மாமன்தானே? மொறப்படிதான் நடந்திருக்கு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "வண்டி சரியாயிட்டு, நாளைக்குப் போறோம்னு சொல்லுட்டி" என்றாள். கூட்டத்துக்கு நடுவே நின்று கணீரென்று சொன்னேன். வீட்டுக்குள் 'வண்டி சரியில்லை' என்று சொல்லலாம். ஊர் பார்க்க முறுக்கிய வண்டியை எப்படிச் சொல்வது?

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். மாமா முந்தின சாயங்காலமே மில்லுக்குத் திரும்பிவிட்டார். ஸ்பானரை மட்டும் விட்டுப்போயிருந்தார். அப்பா முன்னால் உட்கார்ந்து மாட்டைப் பிடித்தார். கூண்டுக்குள் அம்மாவும் நானும் என் தகரப்பெட்டியும். பெரியப்பாவுக்கும் அன்றைக்குப் பார்த்துப் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் வேலை வந்துவிட்டது. வில்வண்டிதான் போகிறதே என்று அம்மா ஒரு பேச்சுக்காகக் கேட்கச் சொன்னாள். "தோடு போட்ட வண்டி பொம்பளைகளுக்குத்தான்" என்றார். எரு அடிக்கும் மொட்டை வண்டியைக் கட்டச் சொல்லி, அதில் ஒரு சமுக்காளத்தை விரித்து, வெள்ளை வேட்டியோடு ஏறி உட்கார்ந்து, எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். இத்தனை வருடமாக எங்கள் வண்டியில் போனவர் எருவண்டியில் வருவதைப் பார்க்க எனக்கு வெகு சந்தோஷம். தலையை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்தேன். அம்மா என்னை உள்ளே இழுத்தாள். இழுத்துவிட்டு, தானும் ஒருதரம் எட்டிப் பார்த்தாள்.

செய்துங்கநல்லூர் தாண்டுமட்டும் வண்டி சிட்டாகப் போனது. ஆற்றோரத்து வயல்கள் முடிந்து செம்மண்ணும் பனையும் தொடங்கின. கிருஷ்ணாபுரம் இன்னும் கண்ணில் படவில்லை. அப்போது என் பக்கத்துச் சக்கரம், இடப்பக்கத்துச் சக்கரம், ஒரு மாதிரி முனகத் தொடங்கியது. அப்பா மாட்டைப் பைய நடத்தினார். முனகல் நிற்கவில்லை. அப்புறம் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் அம்மா மடியிலிருந்து நழுவித் தகரப்பெட்டியோடு போய் மோதினேன். வெளியே பார்த்தால், எங்கள் சக்கரம் எங்களை விட்டுவிட்டுத் தனியாகக் கொஞ்சதூரம் ஓடி, ஒரு பனையில் முட்டி, யோசனை செய்து, படுத்துக்கொண்டது.

வலப்பக்கத்து மரை முறுக்கியது முறுக்கியபடி இருந்தது. இடப்பக்கத்தில் மரையையே காணோம். கடையாணி விழுந்தால் கல்லில் பட்டுச் சத்தம் கேட்கும். இது புழுதியில் விழுந்திருக்கிறது. எங்கே விழுந்தது என்று யாருக்குத் தெரியும்?

காரணம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. மாமா கொண்டுவந்த அச்சு ஒரே பக்கமாக மரை வெட்டும் அச்சு. அதை வைத்து இரண்டு நுனியிலும் ஒரேமாதிரி வெட்டிவிட்டார். வண்டி முன்னால் ஓடும்போது வலப்பக்கத்துச் சக்கரம் தன் நட்டை இறுக்கிக்கொண்டே போகும். இடப்பக்கத்துச் சக்கரம் தன் நட்டைத் தளர்த்திக்கொண்டே போகும். மில் இயந்திரத்துக்கு வலம் இடம் பார்த்து மரை வெட்டுகிற மனுஷன், அக்காள் வண்டிதானே என்று யோசிக்காமல் விட்டுவிட்டார். இப்போது லாரிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு எதிர்முறுக்கு நட்டு வைத்திருக்கிறார்கள். லாரிக்காரர்கள் அதைப் பெரிய சாமர்த்தியமாகச் சொல்லும்போது நான் ஒன்றும் பேசுவதில்லை. கிருஷ்ணாபுரத்துக்கு முந்தியே எங்களுக்குத் தெரியும்.

மொட்டை வண்டி வந்து நின்றது. பெரியப்பா இறங்கினார். சாய்ந்து கிடக்கும் வண்டியைப் பார்த்தார். பனையடியில் கிடக்கும் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வலது கையை விரித்தார். அதில் எங்கள் மரை இருந்தது. வழியில் கிடந்ததை அவர் கண்டெடுத்திருக்கிறார். கண்டெடுத்தவர் ஒரு குரல் கொடுத்திருந்தால் சக்கரம் கழன்றிருக்காது. கொடுக்கவில்லை.

"ஏட்டி, ஒங்கம்மாட்ட சொல்லு" என்றார். "வண்டியத் திருப்பச் சொல்லு. வீடு வந்து சேந்தபொறவு மரை கெடைக்கும். அதுவரைக்கும் ஆணி ஒண்ண அடிச்சு, பைய உருட்டிக்கிட்டே போயிரலாம்."

அப்பா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

அம்மா வண்டிக்கு மறுபக்கம் நின்றிருந்தாள். நான் திரும்பி அவளிடம் ஒப்பிக்கவேண்டும். அதுதான் முறை. ஆனால் பெரியப்பா மறுபடியும் விரல்களை மடக்கி மரையை மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கு ராதாபுரத்து மீசை நினைவுக்கு வந்தது. பதநீர் காய்ச்சும் சட்டி நினைவுக்கு வந்தது. உடம்பெல்லாம் ஏதோ ஒரு ஆங்காரம் ஏறியது.

"மாட்டேன்" என்றேன்.

"என்ன மாட்ட?"

"சொல்லமாட்டேன்."

அதுவரை எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் யார் முகத்துக்கும் நேரே சொன்னதில்லை. பெரியப்பாவுக்குக் கோபம் வருவதற்குள் ஆச்சரியம் வந்துவிட்டது. என்னைப் பார்த்தபடியே நின்றார். தூது போகிறவள் படுத்துவிட்டால் ராஜாக்கள் என்ன செய்வார்கள்?

அம்மா வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வந்து என் பக்கத்தில், பெரியப்பாவுக்கு நேர் எதிரே நின்றாள். தலையில் முந்தானை இருந்தது. முகம் அவரைப் பார்த்திருந்தது.

"அது என் வண்டி மரை. குடுங்க" என்றாள்.

அவரை முறைவைத்து எப்படியும் கூப்பிடவில்லை. மரியாதைக் குறைவால் இல்லை. கூப்பிட வேண்டிய அவசியம் இதற்கு முன் வந்ததே இல்லை. அதனால் அவளிடம் அவருக்கென்று ஒரு சொல்லே இல்லை.

பெரியப்பா பனை உச்சியை அண்ணாந்து பார்த்தார். வீட்டில் உத்திரம், இங்கே பனை. நான் திருப்பிச் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். அம்மாவே மறுபடியும் பேசினாள். குரல் உயரவில்லை.

"வண்டி சரியானா போவலாம்னு சொன்னீய. சரி பண்ணுனோம். இப்ப மறுபடியும் சரி பண்ணுவோம். சரியாவலேன்னா இவளக் கைல பிடிச்சு நடந்தே போவேன். நீங்க மரையக் குடுத்தாலும் குடுக்காட்டாலும் இவ பாளையங்கோட்டைக்குத்தான் போவுதா."

ஒரு பனையேறி மரத்தின் பாதியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். எருவண்டிக்காரனும் கேட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் கேட்டார்கள் என்பதுதான் பெரியப்பாவுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அடி என்று நினைக்கிறேன். அவர் குனிந்தார். மரையைப் புழுதியில் வைத்தார். அவர் கையிலிருந்து அம்மா நேரே வாங்கக்கூடாதல்லவா? அந்த நேரத்திலும் அவர் முறை தவறவில்லை.

நிமிர்ந்து, அம்மாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார். "ஒங்கம்மாட்ட சொல்லிரு. இந்த வண்டி இன்னும் ஒரு முழம் அங்கன போச்சுன்னா, இனி என் அடுப்புல அவளுக்கு ஒல கெடையாது. அந்த வீட்டுல அவ கை நனைக்கப்படாது. நல்லது கெட்டதுக்கு அவள யாரும் கூப்பிடப்படாது. சொல்லிரு."

சொல்லிவிட்டு மொட்டை வண்டியில் ஏறினார். வண்டி ஊரைப் பார்க்கத் திரும்பியது. கோர்ட்டில் வேலை என்று வந்தவர் கோர்ட்டை மறந்துவிட்டார்.

அம்மா குனிந்து மரையை எடுத்தாள். முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். அதை உள்ளங்கையில் வைத்து, இருசின் நுனியைப் பார்த்தாள், மறுபடியும் மரையைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "தோட்டுத் திருகு நிக்காம கழண்டுக்கிட்டே இருந்தா நாங்க என்ன செய்வோம்? நூலச் சுத்தி மாட்டுவோம்லா?" என்றாள்.

அப்பா தன் வாழ்க்கையில் 'அதுவும் சரிதான்' சொல்லாமல் விட்டது அந்த ஒருதரம்தான் என்று நினைக்கிறேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். பனையேறி இறங்கி வந்து கூடவே தோள் கொடுத்தான். இரண்டு பேரும் வண்டியைத் தூக்கிப் பிடிக்க, சக்கரம் இருசில் ஏறியது. அம்மா பனையேறியிடம் கொஞ்சம் பனந்தும்பு நார் கேட்டு வாங்கினாள். அதை முறுக்கித் திரித்து, வண்டி மையில் தோய்த்து, இருசின் மரையில் சுருள் சுருளாகச் சுற்றினாள். அதன்மேல் நட்டை ஏற்றினாள். பாதிக்குமேல் ஏறவில்லை. ஸ்பானரை மாட்டி இரண்டு கையாலும் இழுத்தாள். அப்பா கை கொடுக்க வந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வளையல் ஒன்று உடைந்தது. நட்டு கடைசிவரை ஏறி நின்றது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நிழலிலும் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப்போய் நட்டைப் பிடித்து அசைத்துப் பார்ப்பாள். தளர்ந்திருந்தால் ஸ்பானரைப் போட்டு ஒரு இழுப்பு. கிருஷ்ணாபுரத்தில் கோயிலைப் பார்த்துக் கும்பிட இறங்கியவள், முதலில் நட்டைப் பார்த்துவிட்டுத்தான் கோபுரத்தைப் பார்த்தாள். எதிரே வந்த வண்டிக்காரர்கள், பெண்பிள்ளை சக்கரத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். அம்மா அவர்களையும் நேராகப் பார்த்தாள். ஒரு தடவை பழகிவிட்டால் அது பெரிய காரியமில்லை போலிருக்கிறது.

வெயில் சாய்கிற நேரத்துக்குப் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூட வாசலில் ஒரு பெரிய வாகைமரம். அதன் கீழே என் வயதுப் பெண்கள் கயிறு சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி, நம்மைவிடச் சுத்தமான தமிழில், பிள்ளைக்கு என்ன வயது, என்ன தெரியும் என்று கேட்டாள். அம்மாவின் இரண்டு கையும் முழங்கைவரை மையாக இருந்தது. மறைத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணும் தெரியாது. மாட்டேன்னு சொல்லத் தெரியும்" என்றாள். அந்த அம்மாள் சிரித்தாள். எனக்கு அது பாராட்டா குறையா என்று தெரியவில்லை. இன்றைக்குத் தெரியும், அதற்கு மேலான ஒரு நற்சாட்சிப் பத்திரம் எனக்கு அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்கவில்லை.

என் தலையை ஒதுக்கிவிட்டு, "ஏட்டி, போ" என்றாள் அம்மா. அழவில்லை. நானும் அழவில்லை. எனக்குக் கயிறு சுற்றும் பெண்கள்மேல்தான் கண். அப்பா வண்டியைத் திருப்பினார். அம்மா இடப்பக்கமாக உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் வெளியே நீட்டி, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே போனாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. பெரியப்பா சொல்லியனுப்பிய அந்தக் கெட்ட சேதியை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை. வழியெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது, விழுங்கிக்கொண்டேன். நான் சொல்லாதவரை அது அவளைச் சேராது. வீட்டுக்குப் போவாள், வழக்கம்போல் அடுப்பைப் பற்றவைப்பாள், உலை வைப்பாள். பெரியப்பா உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சொல்வதற்கு நான் இல்லாததால் அவராலும் ஒன்றும் செய்யமுடியாது. இப்படி ஒரு சொல்லை விழுங்கி அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நம்பிக்கொண்டு, அந்த வாகைமரத்தடிக்கு ஓடினேன். முதல் லீவுக்கு வீடு போய், பின்கட்டு மாட்டுக்கொட்டிலின் ஓரத்தில் அம்மா மூன்று கல்லை வைத்துத் தனியாகச் சமைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுகூட, இவளிடம் யார் போய்ச் சொன்னது என்றுதான் யோசித்தேன்.

பெரியப்பா அதைச் சொன்னபோது அம்மா என் தோளை உரசிக்கொண்டுதான் நின்றாள். ஒரு சொல் விடாமல் கேட்டாள். கேட்ட பிறகுதான் குனிந்து அந்த மரையை எடுத்தாள்.